கரிசலில் கரி எவ்வளவு?

போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா போன் பண்ணியிருந்தார். வழக்கமா மழை, மக்காச்சோள விலை, யார் வீட்டுல விசேஷம், இவ்வளவுதான் பேச்சு. இந்தத் தடவை விஷயம் வேற.

"ஏலே, ரெண்டு பேரு வந்தானுவ. நம்ம மண்ணுல கரி சேத்து வச்சா துட்டு தாறோம்ங்கான். இருவது வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கான். கரிசல்னாலே கரிதானல? இதுல புதுசா என்னத்தச் சேக்கச் சொல்லுதான்?"

"இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீங்கப்பா, பாத்துச் சொல்றேன்"னு சொல்லி வச்சுட்டேன். அவங்க குடுத்த நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அட்டைப் படத்துல பச்சைப் பசேல்னு ஒரு தோப்பு. மேல தென்னை, கீழ அகல இலையோட குட்டை மரங்கள், அடிமரத்துலயே காய் தொங்குது. தரையில உதிர்ந்த இலைக்கு நடுவுல ஒரு வெள்ளைப் பெட்டி. "இது என்ன மரம்ல?"ன்னு கேட்டார். கோகோ. சாக்லேட் மரம். பசுவந்தனையில அதை நட்டா சித்திரை மாசம் விறகுக்குத்தான் ஆகும்.

பொட்டி தட்டுறவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் தெரியலைதான். ஆனா அப்பாவுக்குப் பதில் சொல்லணுமே. ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல கோகோவுக்கும் நமக்கும் இருக்கிற பழைய உறவு. இந்தியாவுக்குள்ள கோகோ முதல்ல வந்து இறங்கினது பொள்ளாச்சியிலயோ கேரளத்துலயோ இல்லைங்க. நம்ம குற்றாலத்துல. 1798ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க அம்பாய்னா தீவுலேர்ந்து (இன்னைக்கு இந்தோனேசியாவுல இருக்கு) கொண்டுவந்து நட்டாங்க. அதாவது பழைய திருநெல்வேலிச் சீமையில, மேற்கு ஓரத்துல சாரல்ல கோகோ நின்னப்போ, கிழக்க எங்க கரிசல்ல பருத்தி வெடிச்சுக்கிட்டிருந்தது. ஒரே ஜில்லா, ரெண்டு உலகம். குற்றாலத்துக் கோகோ அப்போ பெரிய வியாபாரம் ஆகலை. 1960கள்ல காட்பரி கம்பெனி வயநாட்டுப் பக்கம் வந்து ஊக்கம் குடுத்த பிறகுதான் தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிரா அது பரவி, பின்னால பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் வந்தது.

நிற்க. அப்பா கேட்ட கேள்விக்கு வருவோம். கரிசல்னாலே கரிதானா?

இந்தக் கேள்வியை அப்பாவுக்கு முன்னாடியே வெள்ளைக்காரத் துரைகள் கேட்டு மண்டையை உடைச்சிருக்காங்க. தெலுங்குல 'ரேகட'ன்னு சொல்ற வார்த்தையை வச்சு இந்த மண்ணுக்கு 'ரேகூர்'னு பேர் வச்சாங்க. பாக்கக் கறுப்பு. ஐரோப்பாவுல கறுப்பு மண்ணுன்னா மட்கு நிறைஞ்ச மண்ணு. ரஷ்யா, உக்ரைன் பக்கத்துக் கறுப்பு மண் அப்படித்தான். அப்போ இதுவும் அப்படித்தானே இருக்கணும்?

சோதிச்சுப் பாத்தா கணக்கு இடிச்சது. 1910ல பீகார் பூசாவுல இருந்த எச்.இ.ஆனெட்ங்கிற வேதியியலாளர் கரிசலோட நிறத்தைப் பத்தியே தனியா ஒரு ஆய்வறிக்கை எழுதினார். டைட்டானியம் கலந்த மாக்னடைட்ங்கிற இரும்புத் தாதுவும், கூடவே கொஞ்சம் மட்கும்தான் நிறத்துக்குக் காரணம்னு அவர் முடிவு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1912ல, சென்னை மாகாண அரசோட வேளாண் வேதியியலாளர் டபிள்யூ.எச்.ஹாரிசனும் எம்.ஆர்.ராமசாமி சிவனும் கரிசல் மண்ணைப் பத்தி இன்னொரு அறிக்கை போட்டாங்க. சண்டை நிறையப் போச்சு. ஆனா பின்னாடி வந்த மண் பரிசோதனைகள்ல ஒரு விஷயம் தெளிவாச்சு. நம்ம கரிசல்ல கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழ. கொஞ்சூண்டு மட்குதான், அது களியோட சேந்து பூசினாப்புல ஒட்டிக்கிட்டு மொத்த மண்ணையும் கறுப்பாக் காட்டுது. வெள்ளை வேட்டியில அரைச் சொட்டு மை மாதிரி.

மண்வள அட்டையில அரை சதவீதத்துக்குக் கீழ இருந்தா 'குறைவு'. 0.5லேர்ந்து 0.75 வரை 'நடுத்தரம்'. அதுக்கு மேல 'அதிகம்'. அப்பாவோட அட்டையில 'குறைவு'ன்னு போட்டிருக்கிறதைப் பாத்து "லேப்காரன் மண்ணை மாத்திட்டான்"னு சத்தம் போட்டவர் அவர். பேருலயே கரி வச்சிருக்கிற மண்ணுக்குக் கரி குறைவுன்னா யார் நம்புவா :-)

இப்போ அந்த வெள்ளைப் பெட்டி. அது மண்ணோட மூச்சை அளக்கிற பெட்டி. மண்ணுக்குள்ள வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுது. மட்கைத் தின்னு கார்பன் டை ஆக்சைடா வெளிய விடுது. மண்ணுக்குள்ள இருக்கிற காத்துல அந்த வாயு வெளிக்காத்தை விடப் பல மடங்கு அதிகம்னு 1853லயே பிரான்ஸ்ல பூசிங்கோவும் லெவியும் அளந்து சொல்லிட்டாங்க. 1920கள்ல ஸ்வீடன்காரர் லுண்டகார்ட் மணி மாதிரி ஒரு மூடியைத் தரையில கவிழ்த்து, வெளிய வர்ற மூச்சை நேரக்கணக்குல அளந்தார்.

அளக்கிற விதம் ரொம்ப எளிசு. மூடிக்குள்ள ஒரு கிண்ணத்துல காஸ்டிக் சோடாக் கரைசல். ஒரு நாள் வச்சா மண்ணுலேர்ந்து வர்ற வாயுவை அது உறிஞ்சிக்கும். அப்புறம் பேரியம் குளோரைடு ஊத்தினா வெள்ளையாப் படியும். மிச்ச சோடாவை அமிலத்தால டைட்ரேட் பண்ணணும். பிளஸ் டூ லேப்ல ப்யூரெட்டைப் பிடிச்சுக்கிட்டு பிங்க் கலர் எப்போ போகும்னு கண்ணு வலிக்கப் பாத்தோமே, அதேதான். ஒரு நார்மல் கரைசல்ல ஒரு மில்லி செலவாச்சுன்னா 6 மில்லிகிராம் கரிமம் வந்திருக்குன்னு அர்த்தம். இப்போ அகச்சிவப்புக் கதிர் வச்சு ரெண்டே நிமிஷத்துல அளக்கிற கருவிகள் வந்தாச்சு. நோட்டீஸ்ல இருந்தது அந்த வகைப் பெட்டி.

நம்ம பக்கம் மண்ணுக்குள்ள இருக்கிற வாயுவை முதல்ல ஒழுங்கா ஆராய்ஞ்சது யாருன்னு தேடினா, கரிசல் அறிக்கை எழுதின அதே ஹாரிசன்! கோயமுத்தூர்ல பி.ஏ.சுப்பிரமணிய ஐயரோட சேந்து, 1913லேர்ந்து நாலஞ்சு வருஷம், நெல் வயலோட சேத்துல இருக்கிற வாயுக்களைப் பத்தித் தொடர் அறிக்கைகள் எழுதியிருக்கார். மீத்தேன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் இருக்குன்னு பிரிச்சுக் காட்டினாங்க. சேத்துக்கு மேல படியுற மெல்லிய படலத்துல இருக்கிற நுண்ணுயிர்கள் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் எரிச்சுடுதுங்கிறதையும், அந்தப் படலம் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்க உதவுதுங்கிறதையும் சொன்னாங்க. புவி வெப்பமாதல்னு யாரும் பேசாத காலம். தண்ணிக்குள்ள நிக்கிற நெல்லு எப்படி மூச்சு விடுதுங்கிறதுதான் அவங்க கவலை. நம்மூர்ல நடந்த இந்த வேலை பாடப்புத்தகத்துல ஒரு வரி கூட வந்து நான் படிச்சதில்லை.

இந்தக் கதைக்கு எண்பது வருஷம் கழிச்சு ஒரு கிளைமாக்ஸ் உண்டு. பதிவுல முக்கியமான இடம் இதுதான்.

1990 வாக்குல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு சுமார் 38 மில்லியன் டன் மீத்தேன் விடுதுன்னு ஒரு கணக்கு சொன்னது. உலகம் சூடாகுறதுக்கு நம்ம சோத்துப் பானையும் ஒரு காரணம்னு ஆயிடுச்சு. எங்க அளந்தாங்க? நம்ம வயல்ல இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா வயல்கள்ல அளந்த விகிதத்தை எடுத்து நம்ம பரப்பளவால பெருக்கிட்டாங்க. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட ஏ.பி.மித்ரா தலைமையில 1991ல நாடு முழுக்க வயல்கள்ல பெட்டி வச்சு அளந்தாங்க. வந்த விடை சுமார் 4 மில்லியன் டன். பத்துல ஒரு பங்கு! ஏன்னா இங்க நிறைய நெல்லு மானாவாரி, பாதி நாள் தண்ணி நிக்காது. எப்பவும் தண்ணி கட்டி நிக்கிற வயலோட கணக்கு அதுக்குப் பொருந்தாது.

அந்த நோட்டீஸை மறுபடி எடுத்துப் பாத்தேன். ஒரு ஏக்கருக்கு வருஷத்துக்கு இவ்வளவு டன் கரி சேரும்னு ஒரு எண். பக்கத்துல அதே கோகோத் தோப்புப் படம். எனக்கு 38 மில்லியன்தான் ஞாபகம் வந்தது.

கோகோத் தோப்புல என்ன நடக்குது? மேல தென்னை நிழல், அதுக்குக் கீழ கோகோ நிழல். தரையில வெயிலே படாது. வருஷம் முழுக்க இலை உதிர்ந்து மெத்தை மாதிரி கிடக்கும். தண்ணி பாய்ச்சுறதால ஈரம் காயாது, உழவும் கிடையாது. மண்ணு மூச்சு சீரா ஓடிக்கிட்டே இருக்கும். ஜனவரியில அளந்தாலும் ஆகஸ்ட்ல அளந்தாலும் தலைகீழ் வித்தியாசம் வராது. அங்கயும் சிக்கல் இல்லாம இல்லை. வர்ற மூச்சுல எவ்வளவு வேரோடது, எவ்வளவு மட்கு கரைஞ்சது? அதைப் பிரிக்க ஒரு சதுரத்தைச் சுத்திப் பள்ளம் தோண்டி வேரை அறுத்துட்டு, உள்ள அளக்கணும். இன்னொண்ணு, மூச்சு அதிகமா இருந்தா மண்ணு கரியை இழக்குதுன்னு அர்த்தமில்லை. உதிர்ற இலையோட கணக்கு தெரியணும். சர்வர்லேர்ந்து வெளிய போற டேட்டாவை மட்டும் பாத்துட்டு டிஸ்க் காலியாகுதுன்னு ரிப்போர்ட் எழுதுற மேனேஜர் கதைதான் அது. உள்ள எவ்வளவு வருதுன்னு யார் பாக்கிறது?

இப்போ நம்ம கரிசலுக்கு வாங்க. வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும். மத்த மாசமெல்லாம் வெயிலும் காத்தும். பங்குனி, சித்திரையில காலு உள்ள போற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். சின்ன வயசுல ஒரு ரப்பர் பந்து அந்த வெடிப்புக்குள்ள போனது போனதுதான், இன்னும் வரலை. அந்த மாசம் பெட்டியை வச்சா மூச்சு கிட்டத்தட்ட இருக்காது. மண்ணு செத்த மாதிரி கிடக்கும். அதுவும் பெட்டியை வெடிப்பு மேல வச்சா ஒரு எண், பாளத்து மேல வச்சா வேற எண்.

முதல் மழை பெய்யட்டும். அடுத்த ரெண்டு மூணு நாள்ல மூச்சு பொசுக்குனு எகிறும். காய்ஞ்ச மண்ணு நனையும்போது வர்ற இந்த வேகத்தைக் கென்யாவுல எச்.எஃப்.பர்ச் 1958ல விரிவா எழுதினார். அவர் பேராலயே 'பர்ச் விளைவு'ங்கிறாங்க. காய்ச்சல்ல செத்த நுண்ணுயிர்கள், களிக்குள்ள பூட்டிக் கிடந்த மட்கு எல்லாம் திடீர்னு கிடைக்கிறதால, தப்பிப் பிழைச்ச நுண்ணுயிர்கள் விருந்து சாப்பிடுது. கரி காத்துல போகும், தழைச்சத்து மண்ணுல இறங்கும். முதல் மழைக்கு முன்னாடியே விதையைப் போட்டுடணும்னு நம்ம பெருசுக புழுதி விதைப்பு விதைக்கிறாங்களே, அந்தச் சத்தை முளை பிடிச்சுக்கிறதுக்கு அதுவும் ஒரு வழி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் (1901ல பருத்திக்காக ஆரம்பிச்சது, 'கருங்கண்ணி' பேரு கேள்விப்பட்டிருப்பீங்க) இந்த முன்பருவ விதைப்பைத்தான் பல வருஷமாச் சோதிச்சுப் பரப்பினது.

அப்போ செத்த மாசத்துல ஒரு நாள், விருந்து நாள்ல ஒரு நாள், எதை எடுத்து வருஷத்துக்குப் பெருக்குறது? முடிவு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா எந்த நாளை எடுக்கணும்னு தேர்ந்தெடுக்கிறது கஷ்டமே இல்லை.

சரி, மூச்சை விடுங்க, மண்ணை எடுத்து நேரா கரியை அளந்துடலாமேன்னா, அதுக்கும் வழி இருக்கு. 1934ல வாக்லி, பிளாக்னு ரெண்டு பேரு குடுத்த முறை. மண்ணுல டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊத்துவாங்க. அமிலம் கலக்கிற சூட்டுலயே கரி எரியும். முழுசா எரியாது, நாலுல மூணு பங்கு சுமாராத்தான் எரியும்னு சொல்லி, வர்ற எண்ணை 1.3ஆல பெருக்கிக்குவாங்க. நம்ம ஊர் லேப்கள்ல இன்னைக்கும் பெரும்பாலும் இதுதான். ஒரு விதத்துல கரிசலுக்கு இது நல்லது. நம்ம மண்ணுல சுக்கான் கல்லு, சுண்ணாம்பு ஏராளம். அதுலயும் கரிமம் இருக்கு, ஆனா அது மட்கு இல்லை. வாக்லி-பிளாக் முறையில சுண்ணாம்பு கணக்குல வராது. மண்ணை ஆயிரம் டிகிரிக்கிட்ட எரிச்சு மொத்தக் கரியையும் அளக்கிற புது மிஷின்ல, சுண்ணாம்பை முன்னாடியே நீக்கலைன்னா அதுவும் சேந்து வந்துடும். அப்பா காடு ஒரே நாள்ல பணக்காரக் காடு ஆயிடும்! சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட இடத்துல மண்ணெடுத்தா இன்னும் விசேஷம்.

இதை விடப் பெரிய கூத்து எடை. ஒரு ஏக்கர்ல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு சுமார் 600 கன மீட்டர் மண்ணு. கரிசல் ஈரத்துல ஊதும், காய்ஞ்சா சுருங்கும். உதாரணத்துக்கு, ஊதியிருக்கும்போது கன மீட்டருக்கு 1.3 டன் காய்ந்த மண்ணுன்னு வைங்க, சுருங்கினப்போ 1.5 டன். அதே 15 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை சுமார் 790 டன் மண்ணு, இன்னொரு தடவை சுமார் 910 டன். கரி 0.4 சதவீதம்னா முதல் கணக்குல 3.16 டன், ரெண்டாவதுல 3.64 டன். ஒரு கூடை எரு கூடப் போடாம ஏக்கருக்கு அரை டன் கரி சேந்துடுச்சு. கார்பன் டை ஆக்சைடாச் சொன்னா 1.7 டன்னுக்கு மேல. கார்த்திகையில முதல் அளவு, சித்திரையில ரெண்டாவது அளவுன்னு எடுத்தா கம்பெனிக்கு லாபம். மாத்தி எடுத்தா விவசாயி மேல பழி. இதைத் தவிர்க்க ஆழத்தை வச்சு ஒப்பிடாம, ஒரே எடை மண்ணை வச்சு ஒப்பிடணும். விஷயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் பண்றாங்க. நோட்டீஸ்ல அதைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

கரி நிஜமாவே சேருமான்னு கேட்டா, சேரும். ஆனா பொறுமை வேணும். இங்கிலாந்து ராதம்ஸ்டெட்ல பிராட்பாக்னு ஒரு வயல்ல 1843லேர்ந்து ஒரே பாத்திக்கு ஒரே உரம் போட்டுக் கோதுமை விதைக்கிறாங்க. தொழுஉரம் போட்ட பாத்தியில கரிமம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு, உரமே போடாத பாத்தியோட ஒப்பிட்டா. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வண்டி வண்டியா எரு. நம்ம கோயமுத்தூர்லயும் 1909லேர்ந்து அதே மாதிரி நிரந்தர உரச் சோதனை, 1925ல இன்னொண்ணு. தொழுஉரப் பாத்திதான் அங்கயும் கரியில முந்தி நிக்குது. ஆனா சூடு பத்து டிகிரி கூடினா மண்ணு மூச்சு சுமார் ரெண்டு மடங்காகும்ங்கிறது பொதுக் கணக்கு. இங்கிலாந்துக் குளிர்ல தங்குற மட்கு நம்ம வெயில்ல தங்காது. போட்டுக்கிட்டே இருக்கணும்.

போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கோடையில கண்மாய்லேர்ந்து வண்டியில கரம்பை அடிப்பாங்க. அறுப்பு முடிஞ்ச காட்டுல ஆட்டுக்கிடை போடுவாங்க. கி.ரா. 'கிடை'ன்னு ஒரு குறுநாவலே எழுதினது இந்த வாழ்க்கையைப் பத்தித்தான். பசு வந்து வணங்கினதா ஊருக்குப் பேரே இருக்கு, இன்னைக்கு எங்க தெருவுல மாடு இருக்கிற வீடு ரெண்டு. மக்காச்சோளத் தட்டையை மிஷின் விட்டு அறுத்துக் கட்டித் தூக்கிட்டுப் போயிடுறாங்க. வெளிய போறது நிக்கலை, உள்ள வர்றது நின்னு போச்சு. வந்த ரெண்டு பேரும் இதைச் சொல்லி, கிடைக்கும் எருவுக்கும் காசு குடுத்திருந்தா அப்பா யோசிக்காமக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

போன ஞாயித்துக்கிழமை போன்ல இதையெல்லாம் சுருக்கமாச் சொன்னேன். அவங்க திரும்பி வந்தா கேக்கச் சொல்லி நாலு கேள்வி எழுதிக் குடுத்தேன். மண்ணு எந்த மாசம் எடுப்பீங்க? திரும்பவும் அதே மாசம்தான் எடுப்பீங்களா? சுண்ணாம்பைக் கழிப்பீங்களா? இந்த எண்ணை எந்த ஊர் மண்ணுல அளந்தீங்க? பதினஞ்சு வருஷம் கழிச்சு மழையில்லாமக் கரி குறைஞ்சா யாரு துட்டைத் திருப்பிக் குடுக்கிறதுங்கிற அஞ்சாவது கேள்வி அப்பாவே சேத்தது. எனக்கு அது தோணவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தாங்களாம். மூணாவது கேள்வியிலயே "மேல கேட்டுச் சொல்றோம்"னு போயிட்டாங்களாம். நாலாவதுக்கு அப்பாவே நோட்டீஸ் படத்தைக் காட்டி "இந்தத் தோப்பு எங்க இருக்கு?"ன்னு கேட்டதுக்கு, ஒருத்தர் பொள்ளாச்சின்னும் இன்னொருத்தர் கர்நாடகான்னும் சொல்லியிருக்காங்க.

இப்போ காடு காய்ஞ்சு கிடக்கும்போதே நாலு இடத்துல மண்ணெடுத்து வச்சிருக்கார். கார்த்திகை மழைக்கு அப்புறம் அதே நாலு இடத்துல திரும்ப எடுத்து, ரெண்டையும் ஒரே லேப்ல குடுக்கப் போறோம். ரிசல்ட் வந்ததும் எழுதறேன்.